தங்க எழுத்து ஷூவும் ஒரு கணுக்காலும்

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

உன் ஒரே தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், ஒருத்தியின் கணுக்கால் நீங்கலாக. நீயும் அண்ணியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இல்லாமல் என்ன, நீ வாங்கி அனுப்புகிற ஷூவைப் போட்டுக்கொண்டு நீங்கள் யாரும் விளையாடுவதில்லையே. போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

என் மகள், உன் மருமகள், பேட்மின்டன் ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டதுமே உனக்குக் கை பரபரத்திருக்கிறது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வழுவழு தாள், அதற்குள் வெள்ளை ஷூ, பக்கவாட்டில் தங்க எழுத்தில் கம்பெனி பெயர், அடியில் செங்கல் உயரத்துக்குக் கறுப்பு ரப்பர். எதிர்வீட்டுக்காரி தொட்டுத் தொட்டுப் பார்த்து, "அண்ணன்னா இப்படி இருக்கணும், என் அண்ணன் ஒரு கர்ச்சீப் வாங்கித் தந்ததில்ல" என்று பெருமூச்சு விட்டாள். கொடுத்துவைத்தவள். மறுநாள் உள்ளரங்கத்தில் ஆட்டம் தொடங்கி நான் உட்காரக்கூட இல்லை, பயிற்சியாளர் விசில் ஊதிவிட்டார். உன் மருமகள் போன வழியெல்லாம் மரத்தரையில் கறுப்புக் கோடு. "யாரும்மா இந்தப் பிள்ளையோட அம்மா? கோர்ட்டுல ஏற்கெனவே கோடு இருக்கு, இவ எதுக்குப் புதுசா போடுறா?" என்றார். பட்டம் வாங்கிய உன் தங்கை ஈரத்துணியோடு முட்டி போட்டுத் துடைத்தாள். மற்ற அம்மாக்கள் உதவி செய்தார்கள். அதாவது, நான் துடைக்க வசதியாகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். துடைத்து நிமிர்வதற்குள், பக்கவாட்டில் பாய்ந்த பிள்ளை அந்தச் செங்கல் மேலிருந்து சரிந்து, கால் மடங்கி விழுந்துவிட்டாள். டாக்டர் "சுளுக்குதான்மா" என்றார். நான் நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் போனேன். அவரும் சுளுக்குதான் என்றார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். பள்ளி அணிக்கு ஆள் எடுக்கப்போகிற சமயம் பார்த்தா இப்படி ஆக வேண்டும்? "அம்மா, என்னைச் சேர்த்துப்பாங்கல்ல?" என்று கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டே கேட்கிறாள். உங்க மாமாவைக் கேளு என்றேன்.

மாற்றித் தருவார்களா என்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்தக் கம்பெனியின் ஷோரூமுக்கே போனேன். பாட்டு அலறுகிறது, பார்க்கிற இடமெல்லாம் கண்ணாடி, அதில் நான்தான் தெரிகிறேன், அதுவும் இளைத்துத் தெரிகிறேன். அந்த ஒன்றுதான் அங்கே எனக்குப் பிடித்தது. "பேட்மின்டனுக்கு ஷூ வேணும்" என்றேன். "ரெண்டு கலர்ல இருக்கு மேடம்" என்றான் அங்கிருந்த பையன். "கால் மடங்காம இருக்கணும்ப்பா." "அதுக்கு மேட்சா சாக்ஸ் இருக்கு மேடம்." இவனிடம் இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் அடிபட்ட காலுக்கு மேட்சாக ஒரு தொப்பியும் காட்டியிருப்பான்.

கடைசியில் பயிற்சியாளர் சொன்ன கடைக்குப் போனோம். சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில், பேட்டும் அதற்குக் கட்டுகிற நரம்பும் தொங்குகிற ஓர் அறை. நடத்துபவள் முன்பு ஆடிய வீராங்கனை, கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எல்லாருக்கும் விசில் அக்கா. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. உன் ஷூவை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தாள். அது நடுவில் துணி மாதிரி மடிந்தது. "இது ஆடுறதுக்கா, போட்டோ எடுக்கிறதுக்கா?" என்றாள். எங்க அண்ணன் வாங்கினது என்றேன், காட்டிக்கொடுப்பதில் எனக்கென்ன கூச்சம். பிள்ளையின் கட்டை அவிழ்த்துக் காலை அமுக்கிப் பார்த்தாள், பக்கவாட்டில் நடக்கவிட்டாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், நடுவில் யாருடனோ போனில் சண்டையும் போட்டாள். பிறகு தட்டையான, தரையில் கோடு விழாத ஒரு ஷூவைப் போட்டுவிட்டாள். பார்க்க ஒன்றும் இல்லை. வளர்கிற பிள்ளையாயிற்றே, ஒரு சைஸ் பெரிசாகக் கொடுங்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "வளர்றதுக்கு வீட்டுல சோறு போடுங்க. ஷூ இன்னிக்கு இருக்கிற காலுக்கு!" இப்படித் திட்டு வாங்கிக்கொண்டு ஒரு கடையில் பொருள் வாங்கியது எனக்கு இதுவே முதல் தடவை. ஆனால் அண்ணா, உன் ஷோரூமில் ஒருத்தராவது பிள்ளையின் காலைப் பார்த்தார்களா? என் பையைத்தான் பார்த்தார்கள். வீக்கம் வடிந்துவிட்டது, ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நாளைக்கு அணித் தேர்வு.

உன் தங்க எழுத்தைப் பார்சல் கட்டிவிட்டேன், தேர்வு முடிந்த கையோடு உனக்கே திருப்பி அனுப்புகிறேன். அலமாரியில் வைத்து அழகு பார். இனிமேல் மருமகளுக்கு ஏதாவது வாங்கியே தீருவேன் என்றால் உள்ளூரில் அந்த ஆட்டம் தெரிந்தவர் கடைக்குப் போ, திட்டு வாங்கு, பிறகு பொருள் வாங்கு. அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உனக்கு எதுவும் இல்லை.

கோபம் ஆறாத உன் தங்கை

பி.கு.: மறுநாள் சாயங்காலம் எழுதுகிறேன். எடுத்துவிட்டார்கள், அண்ணா! கால் மடங்கவே இல்லை, தரையில் ஒரு கோடும் இல்லை. நான்தான் ஓரமாக நின்று அழுதுவிட்டேன். ஆனால் அணிக்குச் செலவு செய்யப்போவது உன் தங்க எழுத்துக் கம்பெனியாம். ஆடும்போது எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், குரூப் போட்டோவில் மட்டும் அவர்களுடைய ஷூதான் காலில் இருக்க வேண்டுமாம். அவர்களுக்கே தெரிந்திருக்கிறது பார். அதையும் நாமேதான் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஆகையால் பார்சலைப் பிரித்துவிட்டேன், அதற்காகக் காத்திருக்காதே. மற்ற அம்மாக்கள் அந்தத் தங்க எழுத்து ஷூவை எங்கே வாங்கியது என்று துளைத்து எடுத்ததால் உன் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒரு சைஸ் பெரிசாக வேண்டுமாம்.