முந்தானையில் வந்த பெரியப்பா

"இந்த மரத்தில் பத்து முகங்கள் ஒளிந்திருக்கின்றன, கண்டுபிடியுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தால் போதும், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எனக்குத் தெரியாது. (வீட்டில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அச்சில் ஏற்ற முடியாது.)

இந்தப் பைத்தியம் அக்காவின் கல்யாணப் புடவையில் போய் ஏறியதுதான் வினை. "நீங்களே தறிக்காரங்க, முகூர்த்தப் புடவைய நீங்களே நெய்ஞ்சி குடுத்துடுங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். நான் அப்போதுதான் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடக் கற்றிருந்தேன். சும்மா இருப்பேனா? முந்தானை முழுக்க மாங்காய்க் கொடி. கொடியின் இடைவெளிகளில் அக்கா முகமும் மாப்பிள்ளை முகமும் எதிரெதிரே. அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. வெறும் கொடிதானே என்று அவரும் நெய்து முடித்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் புடவை பார்க்கச் சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேறு புடவை நெய்ய நேரமில்லை. இது பிடிக்காமல் போனால் அக்கா மாமியார் வீட்டில் காலமெல்லாம் பேச்சு கேட்க வேண்டும். நானோ பெரிய மேதை போல, "இதுல ரெண்டு மூஞ்சி இருக்குது, கண்டுபுடிங்க பாக்கலாம்" என்றேன்.

யாருக்கும் தெரியவில்லை. விரலால் வரைந்தே காட்டினேன். "மாங்கா நல்லா இருக்குதுமா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"தோள்ல போட்டுக்கினு திரும்பி நில்லுக்கா, அப்ப தெரியும்."

அக்கா திரும்பி நின்றாள். அவ்வளவுதான், மாப்பிள்ளையின் அம்மா சடாரென்று எழுந்து, தன் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். வீட்டுக்குள் புருஷனின் அண்ணன் வந்தால் எழுந்து நிற்பது அவர் பழக்கம்.

அக்காவின் முதுகிலிருந்து ஒரு முறுக்கு மீசைக்காரர் முறைத்துக்கொண்டிருந்தார்!

உடுத்தினால் எந்தப் பக்கம் கீழே தொங்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. (தறிக்காரர் மகளாம்!) படம் தலைகீழாகிவிட்டது. மணமக்களின் தலைமுடிக்காக வளைத்த மாங்காய்கள் இரண்டும் மீசையாகிவிட்டன. கழுத்தடியில் வைத்த தாமரை மொட்டுகள் கண்களாகிவிட்டன.

"தென்னேரியில இருக்குற எங்க அண்ணன் மாதிரியே இருக்குதுபா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

இவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போன அண்ணன். வருஷக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லை. இந்தக் கல்யாணத்துக்கும் பத்திரிகை வைக்கவில்லை. அக்கா அழ ஆரம்பித்தாள். நான் மெல்லக் கொல்லைக் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார். "நாம கூப்புடல, அவரே வந்து நின்னுக்கினு இருக்காரு. இன்னும் இன்னா வீம்பு? நாளைக்கே போயி பத்திரிகை வச்சிட்டு வரலாம்." அவர் கணவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா கல்யாணத்துக்கு வந்தார். முதல் பந்தி, முதல் இலை. சாப்பிட்டுக் கை கழுவியதும் என்னைக் கூப்பிட்டார். அதே முறுக்கு மீசை!

"புடவையில ஏதோ மூஞ்சி இருக்குதாமே, எங்கமா?"

அக்காவின் முதுகையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "மாங்காதான்மா தெரியுது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

இன்றைக்கும் நான் புது டிசைன் போட்டால் அப்பா கேட்கிறார்: "கவுத்துப் பாத்தியாமா? யார்னா வந்துடப் போறாங்க." பெரியப்பா பொங்கல்தோறும் அக்கா வீட்டுக்கு வந்து, புடவையை எடுத்து வரச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுகிறார். யாரும் காட்டிக் கொடுப்பதில்லை. கண்டுபிடித்துவிட்டால் அடுத்த பொங்கலுக்கு வராமல் இருந்துவிடுவாரோ என்று அக்காவின் மாமியாருக்குப் பயம்.