அங்கி போன வழி

முப்பது பைகளையும் திறந்து பார்த்தாயிற்று. முப்பதிலும் புத்தம்புது வெல்வெட் அங்கிதான் இருந்தது. வணிகர் சங்கத்துச் செயலாளர் தோலெகென் தலையில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காணாமல் போன பையில்தான் விஷயமே இருந்தது. பழுப்பேறி, முழங்கை நைந்து, நூற்றைம்பது வருஷம் பார்த்த அங்கி. எங்கள் தராஸ் வட்டாரத்து வணிகர்களை முதன்முதலில் ஒன்றாக உட்காரவைத்த ஒட்டக வியாபாரி தவ்லெத்பாய் போட்டிருந்தது. சலவைக்குப் போய்வந்ததைத் தூசி படக்கூடாதே என்று, விருந்தாளிகளுக்கு அங்கி கொடுக்கிற தங்க எழுத்துப் பையில் போட்டுவைத்தவர் தோலெகென்தான். நேற்று மாலை வங்கி மேலாளர் மரால்பெக் ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்ட நேரத்தில், "யோவ், அவருக்கு அங்கி கொடுக்கலையாய்யா?" என்று தலைவர் அலறியதும், ஓடிப்போய்க் கைக்கு அகப்பட்ட பையை எடுத்துக் கொடுத்தவரும் தோலெகென்தான். வேறு யார் தலையிலாவது பழியைப் போடலாம் என்று பார்த்தால், அலுவலகத்தில் வேறு தலையே இல்லை, பாவம்.

செல்போன் அடித்தது. தலைவர் சாபர்பெக்.

"அங்கி பத்திரமா இருக்கா?"

"இருக்கு தலைவரே." எங்கே என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை மரபு விழா. ரவ்ஷானும் எர்மெக்கும் அந்த அங்கி மேல கை வெச்சு, பிரியமாட்டோம்னு சத்தியம் பண்ணணும். அங்கி இல்லைன்னா சத்தியம் இல்லை. சத்தியம் இல்லைன்னா சங்கம் ரெண்டு."

"ரெண்டாயிட்டா நாம என்ன ஆவோம் தலைவரே?"

"நான் ஒண்ணுக்குத் தலைவரா இருப்பேன். நீதான் ரெண்டுலயும் இருக்கமாட்டே. என் மச்சினன் வேலை இல்லாம வீட்ல உக்காந்திருக்கான், ஞாபகம் வெச்சுக்க."

மாவு மில் முதலாளியம்மா ரவ்ஷானுக்கும் சிமென்ட் வியாபாரி எர்மெக்குக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது. சங்க விருந்து ஒன்றில், பந்தியில் மூத்தவருக்கே மரியாதையாக வைக்கவேண்டிய வேகவைத்த ஆட்டுத்தலையை எர்மெக் முன்னால் வைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே வயதில் மூத்தவராக ரவ்ஷானின் மாமனார் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு விழுந்த விரிசலில் இன்றைக்கு ஒரு லாரியே போகும். ஓர் ஆட்டுத்தலைக்கா இவ்வளவு என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊரில் பந்தியில் உட்காராதவர்கள்.

"மேனேஜர் வீட்டுக்குப் போய்த் திருப்பிக் கேளுங்களேன்" என்றாள் தோலெகெனின் மனைவி குல்ஷாட்.

"குடுத்த அங்கியத் திருப்பிக் கேக்கறதா? அதுக்கு என்னை உயிரோட புதைச்சிடு."

"புதைக்கலாம்தான். மண்ணு இன்னும் பனியில இறுகிக் கிடக்கே."

மார்ச் மாசம் வந்தும் குளிர் விட்டபாடில்லை. தோலெகென் இரவெல்லாம் புரண்டு ஒரு யோசனை பிடித்தார். கேட்டால்தானே அவமானம்? இன்னும் உசத்தியாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, பழசை வாங்கிக்கொண்டு வந்தால்?

மறுநாள் ஒரு நீல வெல்வெட்டை எடுத்துக்கொண்டு மரால்பெக் வீட்டுக்குப் போனார்.

"அண்ணே, முந்தாநாள் உங்களுக்கு ஒரு குறை வெச்சுட்டோம். சாதா அங்கி போயிடுச்சு. உங்க தகுதிக்கு இதுதான்." சொல்லிக்கொண்டே தோளில் போர்த்தினார். "அந்தப் பழைய பைய நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

மரால்பெக் கண்ணாடி முன் நின்று முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். சரிகையைத் தடவினார். பிறகு கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார்.

"அடடா! அதை அன்னைக்கு ராத்திரியே என் சம்பந்தி கெனேஷுக்குப் போர்த்திட்டேனே!"

தோலெகென் இதைச் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவார்? எங்கள் ஊரில் போர்த்திய அங்கியை யாராவது வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்களா? இன்று எனக்கு, நாளை என் மாமாவுக்கு, மறுநாள் மாமாவின் பல் டாக்டருக்கு. தோலெகென் தன் கொழுந்தியாளுக்குக் கொடுத்த ஒரு பச்சை அங்கி மூன்று கல்யாணம் சுற்றி அவர் தோளுக்கே வந்திருக்கிறது. அவரும் முதல்முறை பார்ப்பதுபோல் மெய்சிலிர்த்திருக்கிறார்.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. "உங்களுக்கும் சம்பந்திக்கும்தான் டிசம்பர்லேர்ந்து ஆகாதேண்ணே?"

"மரபுன்னு வந்துட்டா சண்டை எதுக்குங்க?" என்றார் மரால்பெக். "நீங்க டீயக் குடிச்சிட்டுப் பொறுமையாப் போங்க. நான் அவருக்கு ஒரு போன் போட்டு வைக்கறேன்."

கெனேஷ் வீட்டில் வாசலிலேயே நின்று வரவேற்றார்கள். மேசையில் தேநீர், வெண்ணெய், பொரித்த மாவுருண்டை, எல்லாம் தயார். கெனேஷ் ஏற்கெனவே கோட்டைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

"எனக்கு அம்பத்தாறு சைஸ் தம்பி. கை நீளம் சரியா இருக்கா பாரு."

சரியாக இருந்தது. தோலெகென் மெதுவாக ஆரம்பித்தார். "அந்தப் பழைய அங்கி..."

"அதுவா? காலையிலதான் ஹெட்மாஸ்டருக்குப் போட்டேன். நல்ல மனுஷன். நீ போறதுக்குள்ள நான் சொல்லி வைக்கறேன்."

போகும்போது சும்மா அனுப்பக்கூடாதே! உப்புப் போட்டுக் காயவைத்த தயிர்க்கட்டியை ஒரு கை அள்ளி தோலெகெனின் பாக்கெட்டில் திணித்தார்.

ஹெட்மாஸ்டர் மாட்டு டாக்டருக்குப் போட்டிருந்தார். மாட்டு டாக்டர் தன் வீட்டு மேல்மாடிக்காரருக்குப் போட்டிருந்தார். மேல்மாடிக்காரர் தன் மூத்த மாப்பிள்ளைக்குப் போட்டிருந்தார். அந்த மாப்பிள்ளைக்கும் அவருக்கும் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது என்று ஊருக்கே தெரியும். "கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும், மரபு வேற" என்றார் மேல்மாடிக்காரர், நெஞ்சில் கைவைத்து. தோலெகெனுக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஜனங்களைப்பற்றி எவ்வளவு மட்டமாக நினைத்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பைகள் குறைந்தன. தயிர்க்கட்டி மட்டும் கூடிக்கொண்டே போனது.

"ஒரு பழைய துணியத் தேடறேன்னு கடையையே காலி பண்றீங்களே!" என்றாள் குல்ஷாட். "ஞாயித்துக்கிழமை வர்ற பெரிய மனுஷங்களுக்கு எதைப் போர்த்துவீங்க? என் மேசை விரிப்பையா?"

"அடுத்த வீட்ல கிடைச்சிடும்டி."

"இதையேதான் முந்தாநாளும் சொன்னீங்க."

வெள்ளிக்கிழமை அங்கியின் தடம் சிமென்ட் எர்மெக் வீட்டு வாசலில் போய் நின்றது. கையில் மிச்சம் மூன்றே பை. பிரிந்துபோகப் போகிற ஆள் கையிலேயே அங்கி சிக்கியிருந்தால் திரும்பி வருமா?

எர்மெக் சிவப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். "அதை ரவ்ஷானுக்குப் போட்டுட்டேனே."

தோலெகென் கையிலிருந்த தேநீர் தொடையில் கொட்டியது. "யாருக்கு?"

"மாவு மில் ரவ்ஷானுக்குத்தான்யா. ஊர் ஒத்துமைன்னு ஒண்ணு வேணாமா?"

"அவங்க வீட்டு வாசல்ல நீங்க வண்டிய நிறுத்தினா டயர்ல காத்தே இருக்காதேண்ணே!"

"அதெல்லாம் பழைய கதை. நேத்துகூட ஒரு மணி நேரம் போன்ல பேசினோம். பேசினா நல்லாத்தான் பேசறாங்க."

ரவ்ஷான் தோலெகெனைப் பார்த்ததும், "எர்மெக் தம்பி சௌக்கியமா? ரொம்ப இளைச்சிட்டானாமே?" என்று விசாரித்தாள். ஏழு வருஷமாக "அந்தச் சிமென்ட்டு மூட்டை" என்றே சொல்லி வந்த வாய் அது. தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டாள். "மாமனாருக்கும் குளிருதாம்" என்று இன்னொன்றும் வாங்கிக்கொண்டாள். பைகள் தீர்ந்தன.

"அக்கா, அந்தப் பழைய அங்கி?"

ரவ்ஷான் தோலெகெனின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் காலி.

"அதுவா... என் கொழுந்தனுக்குப் போட்டேன். அவன் காலையில ரயிலேறி அஸ்தானா போயிட்டான். வரதுக்கு மூணு மாசம் ஆகும்."

தோலெகென் தெருவில் நின்று அழுதார். வேலை போய்விட்டது. சங்கம் போய்விட்டது. தவ்லெத்பாயும் போய்விட்டார், ரயிலில்.

போன் அடித்தது. "முப்பது அங்கியும் ரெடியா இருக்கா? துணை மந்திரி வரேன்னுட்டாரு!"

"ரெடி தலைவரே" என்றார் தோலெகென். மனிதனுக்குப் பயம் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் பொய் தண்ணீர் மாதிரி வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழுப்பு அங்கி இருந்தது. தோலெகெனின் மாமனார் குளிர்காலத்தில் ஆட்டுப்பட்டிக்குப் போகும்போது மாட்டிக்கொள்கிற அங்கி. முழங்கை நைந்ததுதான். ஆனால் பெட்டியைத் திறந்ததும் மண்டபமே மணந்தது.

துணை மந்திரி மூக்கை உறிஞ்சினார். தோலெகென் பெட்டியை மூடக் கையை நீட்டினார்.

"ஆஹா! இதுதான்யா நம்ம முன்னோர் வாசம்!" என்றார் துணை மந்திரி.

கைதட்டல் அடங்கியதும் தலைவர் பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார். "அங்கி! மந்திரிக்கு அங்கி கொண்டாய்யா!"

தோலெகென் கண்ணை மூடிக்கொண்டார். அலமாரி துடைத்துவிட்டதுபோல இருந்தது. தலைவரின் மச்சினன் முதல் வரிசையில் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

கண்ணைத் திறந்தபோது ரவ்ஷான் எழுந்து மேடைக்கு வந்துகொண்டிருந்தாள். தோளிலிருந்த தங்கச் சரிகை அங்கியைக் கழற்றித் துணை மந்திரிக்குப் போர்த்தினாள். எர்மெக் எழுந்து தன்னுடையதைக் கழற்றி மாட்டு டாக்டருக்குப் போர்த்தினார். மரால்பெக் கெனேஷுக்கு, கெனேஷ் ஹெட்மாஸ்டருக்கு, மேல்மாடிக்காரர் கேஸ் போட்ட மாப்பிள்ளைக்கு. மண்டபம் முழுக்க வெல்வெட் பறந்தது. வயதான வியாபாரிகள் விம்மி அழுதார்கள்.

ஆட்டுத்தலை வந்தது. மண்டபமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. எர்மெக் இரண்டு கையாலும் தட்டை ஏந்திப் போய் ரவ்ஷானின் மாமனார் முன்னால் வைத்தார். "நீங்கதான் பெரியவர். அன்னைக்கு நான் நகர்த்தியிருக்கணும் ஐயா" என்றார். கிழவர் அவர் கன்னத்தில் முத்தமிட்டார். பிறகு எர்மெக்கும் ரவ்ஷானும் ஆட்டுவாசம் வீசும் அந்த அங்கியில் கைவைத்து, உயிருள்ளவரை பிரியமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். இருவருமே தோலெகென் பக்கம் திரும்பவில்லை. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

விழா முடிந்ததும் தலைவர் தோலெகெனைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். "நீ இருக்கிறவரைக்கும் அந்த நாற்காலி உனக்குத்தான்யா! மச்சினன் வேற வேலை பாத்துக்கட்டும். பாத்தியா, முன்னோர் போட்ட ஒரு துணி ஊரையே எப்படிச் சேர்த்து வைக்குதுன்னு?"

"நாலு நாளா கண்ணால பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தலைவரே" என்றார் தோலெகென். மனதார நம்பித்தான் சொன்னார்.

வெளியே வந்தபோது மரால்பெக்கின் கார் டிரைவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, என் வீட்டுக்கு எப்பண்ணே வருவீங்க? அந்தப் பழைய அங்கி முதல் நாள்லேர்ந்தே, இன்ஜின் குளிர்ல உறைஞ்சிடாம இருக்க எங்க கார் மேலதான் போர்த்திக் கிடக்கு. ஆனா நீங்க வந்தா 'மச்சானுக்குப் போட்டுட்டேன்'னு சொல்லணும்னு ரவ்ஷான் அக்காவும் எர்மெக் அண்ணனும் சேர்ந்து உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க, மூணு நாளா டீ போட்டு வெச்சிட்டு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்!"