தன் வீட்டுக்கே விருந்தாளியாகப் போன நாகலிங்கம்

நாகலிங்கம் ஒரு சரித்திர முடிவுக்கு வந்தார். வரும் சனிக்கிழமை காலை எட்டு முதல் மாலை நான்கு வரை, அவர் தன் வீட்டில் கணவர் அல்ல. விருந்தாளி.

எல்லாம் படிப்பு செய்த வேலை. போர்ட் பிளேரில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அவர், நாற்பத்தாறு வயதில் தபால் வழியில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்திருந்தார். பாஸானால் சூப்பரின்டெண்ட் நாற்காலி. 'அன்றாட வாழ்வில் மனிதர்கள் பழகும் முறை' என்ற ஒரே பேப்பரில் இரண்டு தடவை கவிழ்ந்துவிட்டார். இந்தத் தடவையும் கவிழ்ந்தால் நாற்காலி அடுத்த டேபிள்காரருக்கு.

பாடம் சொன்னது இதுதான். மனிதர்கள் எழுதாத விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறார்கள். யாராவது உடைக்கும்போதுதான் அந்த விதி கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே மாணவர் தன் வீட்டிலேயே விருந்தாளி போல நடந்து, குடும்பத்தார் திகைத்து விழிப்பதைக் குறிப்பெடுக்க வேண்டும். இருபத்தைந்து மதிப்பெண்.

மதிப்பெண்ணைவிட இன்னொன்று அவரைச் சுண்டி இழுத்தது. அவர்கள் குடியிருந்த குட்வில் எஸ்டேட்டில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். கீழேயிருந்து மாடிக்குப் பன்னிரண்டு வாளி சுமக்க வேண்டும். அது வீட்டுக்காரர் வேலை. சனிக்கிழமை தண்ணீர் நாள். எந்த ஊரில் ஐயா விருந்தாளி வாளி தூக்குகிறான்?

மனைவி ருக்குவை நினைத்தால்தான் லேசாக உதறியது. பி.காம். முடித்த கையோடு கப்பலேறி வந்தவள். சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாமில், தமிழ், ஹிந்தி, வங்காளம், தெலுங்கு என்று நான்கு மொழியில் முட்டி மோதிய வரிசையை ஒரே ஒரு புன்னகையில் நேராக்கியவள். நாகலிங்கத்துக்கு அதில் பெருமை உண்டு. பெருமை அளவுக்குப் பயமும் உண்டு.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வெளியே போய்க் காலிங் பெல்லை அழுத்தினார். கதவு திறந்தது.

"வணக்கம்மா. உள்ளே வரலாமா?"

ருக்கு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு விநாடி. ஒரே விநாடி.

"வாங்க சார், வாங்க! மெயின்லேண்ட்லேருந்தா? கப்பல் ரொம்ப ஆட்டமோ?"

நாகலிங்கம் நோட்டில் எழுதினார்: '8.02. திகைப்பு இல்லை.'

உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது.

"ஐயையோ! பொம்பளை தனியா இருக்கிற வீட்ல சட்டையைக் கழட்டுறீங்களே சார்!"

பொத்தான் மறுபடி ஏறியது. கை ரிமோட்டுக்குப் போனது.

"அதைத் தொடாதீங்க சார். எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காது."

"உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா?" என்று தூண்டில் போட்டார்.

"தங்கமானவர் சார். எம்.ஏ. படிக்கிறார். ஆனா ஏமாத்தத்தான் வரல."

பத்து மணிக்குக் கீழே குழாய் சீறியது. நாகலிங்கம் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா மண்டல் தீதி எட்டிப் பார்த்தாள்.

"ருக்கு, பானி ஆயா, தண்ணி வந்தாச்சு! உன் வீட்டு ஆத்மி கஹான்?"

"வீட்டுக்காரர் இல்லை தீதி. ஏ மெஹ்மான் ஹை, மெயின்லேண்ட் விருந்தாளி." ருக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாளியை எடுத்தாள். "நானே தூக்கிக்கிறேன். என்ன செய்யறது!"

தீதிக்குப் புரிய அரை விநாடி போதுமாக இருந்தது. நாகலிங்கத்தை முறைத்தாள். "அரே, மெஹ்மான் சாப்! ஒரு பொம்பளை பானி தூக்குது, நீ நாற்காலியில பைட்டா ஹை?"

ஒரு கணவன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உலகம் பொறுக்கும். மரியாதை தெரிந்த விருந்தாளியால் அது முடியாது. பன்னிரண்டு வாளி சுமந்தார். தீதி வீட்டுக்கு ஆறு. மொத்தம் பதினெட்டு. சட்டையோடு.

மதியம் சீலா மீன் வறுவல். மணம் தூரத்து வண்டூர்க் கடற்கரை வரை போயிருக்கும். ஒரு துண்டு வைத்தாள்.

"இன்னொண்ணு வைக்கட்டுமா சார்?"

"போதும்மா, போதும்."

விருந்தாளி வேண்டாம் என்பான். வீட்டுக்காரி விடாமல் வைப்பாள். எழுதாத விதி அது. நாகலிங்கம் இலையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"சரிங்க சார்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் சட்டி போன திசையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். எழுந்து அடுப்படிப் பக்கம் நைசாக நகர்ந்தார். ருக்கு கையை நீட்டி மறித்தாள்.

"நில்லுங்க சார். ஹால்தான் முன்மேடை. இது பின்மேடை. வெளியாள் உள்ளே வரக்கூடாது."

நாகலிங்கம் சிலையானார். "ருக்கு... அது என் பாடமாச்சே!"

"விடியக்காலம் எழுந்து ஊருக்கே கேக்கிற மாதிரி கத்திப் படிக்கிறீங்க. உங்களுக்கு ஏறலேன்னாலும், இட்லி ஊத்துற எனக்கு ஏறாதா?"

"அப்போ அந்த மீன்?"

"விதியை உடைச்சேன். நீங்க முழிச்சீங்க. அதானே பரீட்சை?"

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வருஷம் புத்தகத்தில் தேடியது கண்ணெதிரே புடவை கட்டி நிற்கிறது! "அடிப்பாவி, நீதாண்டி புரொஃபசர்" என்றார். மூன்று துண்டு மீன் கிடைத்தது.

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினார். தான் விழித்ததையும் மறைக்கவில்லை. படிப்பு மையத்தில் பாடம் எடுத்த கிருஷ்ணமூர்த்தி சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'விதியை உடைத்தவர் உங்கள் மனைவி. திகைத்தவர் நீங்கள். ஆய்வு அவருடையது. உண்மையை எழுதியதற்காக உங்களுக்குப் பதினைந்து.' கீழே ஒரு அட்மிஷன் ஃபாரம் குத்தியிருந்தது. அதில் ருக்குவின் பெயர்.

நாகலிங்கம் பாஸானார். ருக்கு எம்.ஏ. சேர்ந்தாள். முதல் அசைன்மென்ட்: 'ஒருவர் அன்றாடம் செய்யும் வேலையை ஒரு மாதம் உடனிருந்து கவனித்து எழுதுக.'

சூப்பரின்டெண்ட் நாகலிங்கம் இப்போது தினமும் பாத்திரம் தேய்க்கிறார். பின்னால் ஸ்டூல் போட்டு, பேனாவும் கையுமாக ருக்கு.

"திரும்பிப் பாக்காதீங்க. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கிட்டு இயல்பாத் தேயுங்க."