பட்டியலில் ஏறிய வீடு

பெண் வீட்டார் ரகசியமாக விசாரிக்க அனுப்பும் ஆளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிற மாப்பிள்ளை உருப்பட்டதில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

திண்டிவனத்தில் அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஏழு வரன் தட்டிப்போய், எட்டாவதாக விழுப்புரத்து ஸ்டெல்லா வீட்டில் தலையசைத்திருந்தார்கள். அவள் அப்பாவுக்கு ஒரே நிபந்தனை. எங்கள் ஓட்டு வீட்டின் முன்பக்கத்தை இடித்து, பாத்ரூமோடு ஒரு ரூம் கட்டவேண்டும். கட்டினால்தான் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க விடுவாராம். மூச்சுவிடாமல் சம்மதித்தேன்.

தரகர் போகிற போக்கில் சொன்னார்: "தம்பி, யாரையாவது அனுப்பி நைசா விசாரிப்பாங்க. உஷாரா பேசு."

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தபால்காரரைப் பார்த்தாலும் எழுந்து நின்றேன். கீரைக்காரம்மாவிடம், "காபி சாப்பிடுறீங்களா?" என்று குழைந்தேன். (அந்தம்மா ரெண்டு நாள் எங்க தெருப் பக்கமே வரல!)

மூன்றாம் நாள் வந்தார் ஒருவர். கையில் அட்டை, கழுத்தில் கேமரா. வாசலில் நின்று வீட்டையே பார்த்தார். இவர்தான் பெண் வீட்டு ஆள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"வீடு ரொம்பப் பழசுங்களா?"

"நாலு தலைமுறைங்க. தூணெல்லாம் பர்மா தேக்கு."

"எதுனா மாத்திக் கட்டினீங்களா?"

"ஒரு ஆணி அடிச்சதில்லைங்க. அப்படியே காப்பாத்திக்கினு வர்றோம்."

மனிதர் எழுதிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். விசாரிக்க வந்தவருக்குக் கையெழுத்து எதற்கு என்று லேசாக உறுத்தியது. படித்த குடும்பம், எல்லாம் முறைப்படி செய்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டு, வாசிக்காமலே போட்டேன்.

"நல்லபடியா சொல்லுங்க சார்."

"கண்டிப்பா மேல சொல்றேங்க."

சொல்லிவிட்டார். சில வாரங்களில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் வீடு பாதுகாக்கவேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலில் ஏறிவிட்டதாம். முகப்புச் சுவர், தூண், ஓடு எதையும் அனுமதியில்லாமல் இடிக்கக் கூடாதாம்.

"வந்தவரு யார்னு கேட்டியாடா?" என்றார் அம்மா. நான் கேட்கவே இல்லை. "பேஜாரு புடிச்சவனே! உன் கல்யாணத்துக்கு நீயே ஆப்பு வெச்சிக்கினியே!"

நகராட்சிக்கு ஓடினேன். "குழு கூடித்தாங்க முடிவு பண்ணணும்," என்றார் அலுவலர். எப்போது கூடும் என்றேன். "கூடும்போது சொல்றோம்."

வேறு வழியில்லாமல் கடிதத்தோடு விழுப்புரம் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. எட்டாவதும் போச்சு என்று அழுகையே வந்தது. ஸ்டெல்லாவின் அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளிருந்து வந்த ஸ்டெல்லா அதை வாங்கி, அடிக்கோடு போடாத குறையாக நிதானமாகப் படித்தாள்.

"முன்பக்கம்னுதான்ப்பா போட்டிருக்காங்க. பின்பக்கம் கட்றதுக்கு ஒண்ணும் சொல்லலையே," என்றாள். பிறகு என்னிடம், "பின்னாடி எடம் கீதுங்களா?"

"இருக்குதுங்க. காலியாதாங்க கெடக்குது."

"அப்ப இத நீங்க படிக்கவே இல்லையா?"

அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. ஆனாலும் பின்பக்கம் ரூம் எழும்பியது, ஓலையும் வாசித்தார்கள். கல்யாணத்தன்று பூசை முடிந்து, சாமியார் கல்யாணப் பதிவேட்டை என் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினார். வாங்கி, விறுவிறுவென்று குனிந்தேன். முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், கோயிலுக்கே கேட்கிறமாதிரி வந்தது:

"படிச்சிட்டுப் போடுங்க."

சாமியாரே சிரித்துவிட்டார். இப்போது என் மகள் ரேங்க் கார்டை நீட்டும்போதும் அதையேதான் சொல்கிறாள். மார்க் குறைந்த மாதங்களில் மட்டும் சொல்வதில்லை.