தயிருக்குக் காதுப்பட்டி இலக்கம்

தீவகத்து மக்களின் குடல் நலனை மேம்படுத்துவதெனச் சுகாதார அலுவலகம் தீர்மானித்தது. மக்களைக் கேட்கவில்லை. குடலையும் கேட்கவில்லை.

முதலில் வகுப்பு. தயிரில் இருப்பது நன்மை செய்யும் நுண்ணுயிர், அது புரோபயோட்டிக். காய்ந்த பனங்கிழங்கான ஒடியலில் இருக்கும் நார் அந்த உயிருக்குச் சாப்பாடு, அது பிரீபயோட்டிக். வயிற்றுக்கு இரண்டும் வேண்டும். விளங்கியது. அதோடு விட்டிருக்கலாம்.

வேலணைப் பரிமளம், நயினாதீவுக்கு வள்ளம் ஏறும் குறிகட்டுவான் துறையில் பதினெட்டு வருடமாகத் தயிரும் ஒடியல் பிட்டும் விற்பவள். நயினாதீவுத் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கக் கடிதம் வந்தது: குடல் நல அனுமதி இல்லாத கடை பூட்டப்படும்.

ஓடினாள். மேசைக்குப் பின்னால் உத்தியோகத்தர் பார்த்தீபன்.

"அக்கா, தயிரில உயிர் இருக்கோ?"

"ஓம் தம்பி. நீர்தானே வகுப்பில சொன்னனீர்."

"அதை வேலணையிலயிருந்து பஸ்ஸில கொண்டு போறியள். உயிரினம் ஏத்திறதெண்டால் மாடு ஏத்திற படிவம் நிரப்பவேணும்."

நிரப்பினாள். எண்ணிக்கை: கோடிக்கணக்கில். நிறம்: வெள்ளை. ஆணா, பெண்ணா: தெரியாது.

"மாட்டுக் காதில குத்திற காதுப்பட்டி இலக்கம் எங்க?"

"அதுகளுக்குக் காது இல்லைத் தம்பி."

"அதை மிருக வைத்தியர் எழுதித் தரவேணும்."

மிருக வைத்தியர் தயிர்ச் சட்டியை எட்டிப் பார்த்தார். தனித்தனியாகப் பரிசோதிக்காமல் கையெழுத்து வைக்க ஏலாது என்றார். நேர்மையான மனிதர்.

திரும்பி வந்தாள்.

"பிட்டையாவது விக்கலாமோ?"

"அது உயிரினத்துக்குச் சாப்பாடு. அப்ப தீவனம். மனுசருக்கு விக்க ஏலாது."

"போன கிழமை நீர் ரெண்டு நீத்துப்பெட்டிப் பிட்டுச் சாப்பிட்டனீர்."

"அது சுற்றறிக்கை வர முந்தி."

"திங்கள் திருவிழா. நான் என்ன செய்ய?"

பார்த்தீபன் இரக்கமுள்ள பிள்ளை. வழி சொன்னார். "உயிரும் இல்லாத, உயிருக்குச் சாப்பாடும் இல்லாத சாமான் எண்டால் இப்பவே கையெழுத்து."

திங்கட்கிழமை பரிமளத்தின் கடைக்கு நாடா வெட்டினார்கள். சோடா, பிஸ்கட், பட்டர் கேக். மேலே பச்சைப் பலகை: 'அங்கீகரிக்கப்பட்ட குடல் நலக் கடை'.

தயிர் புளிக்குது, பிட்டுக் கைக்குது என்று பதினெட்டு வருடம் குறை சொன்ன சனம் வள்ளத்தடி வரைக்கும் வரிசையில் நின்றது. நானும் நின்றேன். சோடா குடித்தேன். கேக் நல்லாக இருந்தது. மற்ற நாளும் போனேன்.

நாலாம் நாள் மலச்சிக்கல். கடை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரிமளம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணை, வீட்டில எங்களுக்கெண்டு தயிரும் பிட்டும் வைச்சிருக்கிறன். வந்து சாப்பிடுங்கோவன்."

"அனுமதி இருக்கோ?" என்று கேட்டேன்.