எனக்கென்று ஒதுக்கி வைத்த பல்

ஒரு பல்லைப் பிடுங்குவதை என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதையும் பாதிவரைதான் பார்த்தேன். மீதிக் கதை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பல் டாக்டர் ஆகப்போகிறேன் என்று எங்கள் ஏரியாவான கோச்சடை முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். அதனால் இதை ஒப்புக்கொள்ள இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கோடை அது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வந்த புதிது. அப்பாவுக்கு அங்கே டைம் கீப்பர் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் அடிப்பார். அவர் விசில் கேட்டால் டீ குடித்துக்கொண்டிருக்கும் டிரைவர் பாதி கிளாஸை வைத்துவிட்டு ஓடுவார். (வீட்டில் அந்த விசிலுக்கு வேலை கிடையாது. அங்கே டைம் கீப்பர் அம்மாதான்.)

எம்.பி.பி.எஸ். கிடைக்கிற அளவுக்கு எனக்கு மார்க் வராது என்பதை டியூஷன் சார் நாசூக்காகச் சொல்லிவிட்டார். "பல்லுக்கு ட்ரை பண்ணும்மா" என்றார். ஊருக்கு வெளியே ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது, இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றும் சொன்னார். சாயங்காலம் வீட்டில் செய்தியைச் சொன்னேன். அப்பா வலது கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு சொத்தைப் பல் ஒரு வாரமாக அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. செய்தியைக் கேட்டதும் வலியெல்லாம் மறந்து முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இந்தப் பல்லு ஒனக்குத்தான் தாயி. வேற எவனையும் இதுல கை வைக்க விடமாட்டேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அவ படிச்சு முடிக்க அஞ்சு வருசம் ஆகும்ங்க. அம்புட்டு நாள் அந்தப் பல்லு தாங்குமா?"

"தாங்கும். கிராம்பு இருக்குல்ல."

"தெருவுக்கு ரெண்டு பல்லு ஆஸ்பத்திரி இருக்கு. இன்னைக்குப் போயிட்டு வந்தா ஞாயித்துக்கிழமை கறி திங்கலாம்."

"எம் மக பிடுங்குற மொதப் பல்லு என் பல்லாத்தான் இருக்கணும்" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

மற்ற வீடுகளில் பெண்பிள்ளைக்கு நகை எடுத்து வைப்பார்கள். எனக்கு ஒரு சொத்தைப் பல் எடுத்து வைக்கப்பட்டது.

நுழைவுத் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல்தான் பாடம். எனக்கு அது போதவில்லை. தினமும் ஐந்து மணிக்கு அப்பா டியூட்டி முடிந்து வந்ததும், வாசலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு, மேற்கு வெயில் வாயில் விழுகிற மாதிரி உட்காரவைப்பேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஸ்பூன். "ஆ காட்டுங்கப்பா." அவரும் சமர்த்தாகக் காட்டுவார். மேலே பதினைந்து, கீழே பதினைந்து என்று எண்ணி, 'நோயாளி எண் ஒன்று' என்று தலைப்பிட்ட நோட்டில் எழுதுவேன். நாளுக்கு நாள் மாறுகிற எண்ணிக்கை இல்லை என்பதுகூடத் தோன்றாமல் இரண்டு மாதமும் எண்ணினேன்.

நோயாளி எண் இரண்டு பக்கத்து வீட்டுப் பாண்டியக்கா. "ஏத்தா, எனக்கும் பாரு" என்று அவராகத்தான் வந்தார். நான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நெற்றியைச் சுருக்கி, "நாலு பல்ல எடுக்கணும்க்கா" என்றேன். பாவம், இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்து, மூன்றாம் நாள் நிஜ டாக்டரிடம் போயிருக்கிறார். அது வெறும் வெற்றிலைக் கறை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டே வருவார்.

இதற்கு நடுவில் இயற்பியல் புத்தகம் அலமாரியில் நிம்மதியாகத் தூங்கியது. ஒளியியலில் எனக்குத் தெரிந்த ஒரே ஒளி டார்ச் லைட் ஒளி.

அப்பாவின் வலி ஏறிக்கொண்டே போனது. விசிலை வலது பக்கம் வைக்க முடியாமல் இடது ஓரத்தில் வைத்து ஊதப் பழகினார். அதிலும் காற்றுதான் வந்ததாம். "அண்ணே, விசில் அடிச்சீங்களா, பெருமூச்சு விட்டீங்களா?" என்று டிரைவர்கள் கேட்டதை அவரே வந்து சொல்லிச் சிரிப்பார். சிரித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். இந்த மனிதருக்காகவாவது சீட் வாங்கிவிட வேண்டும் என்று நினைப்பேன். நினைத்துவிட்டு மறுபடியும் டார்ச்சைத்தான் எடுப்பேன்.

தேர்வு நாள் வந்தது. காலையில் எழுத்துத் தேர்வு, மத்தியானம் நேர்முகம். அப்பா அன்றைக்கு மட்டும் மாற்றி வாங்கிய மாலை டியூட்டிக்கு அப்படியே போய்விடலாம் என்று காக்கிச் சட்டையோடு, பையில் விசிலோடு, கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். முகம் ஒரு பக்கம் பன் மாதிரி உப்பியிருந்தது. அம்மா எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.

எனக்கு ஜன்னலோர இடம். வெளியே வேப்பமரத்தடியில் துண்டுக்கட்டோடு அப்பா. கேள்வித்தாளைப் பார்த்த நேரத்தைவிட அவரைப் பார்த்த நேரம்தான் அதிகம். மூன்று பக்கத்தை வெறும் பிரார்த்தனையிலும் குத்துமதிப்பிலும் ஓட்டும் பையன் ஒருவன் எனக்கு முன்னால் இருந்தான். அவன்கூட என்னைவிட நிதானமாக எழுதினான்.

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்ததுமே இரக்கப்பட்டு, எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த கேள்வியாகக் கேட்டார்.

"வளந்த மனுசனுக்கு எத்தனை பல்லும்மா?"

"முப்பது சார்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பதா?"

"எங்கப்பாவுக்கு முப்பதுதான் சார். டெய்லி எண்ணுறேன்."

ஓரத்தில் இருந்த டாக்டரம்மா குனிந்த தலையை நிமிர்த்தினார். "டெய்லி எதுக்கும்மா எண்ணுற?"

அவ்வளவுதான். கிராம்பு, டார்ச், எனக்கென்று வைத்திருக்கும் பல், வேப்பமரம் எல்லாவற்றையும் அழுகையோடு கொட்டிவிட்டேன். டாக்டரம்மா எழுந்து போய் அப்பாவைக் கையோடு கூட்டி வந்தார். துண்டை அவிழ்த்துப் பார்த்தவர், "சீழ் பிடிச்சிருக்கு. இன்னைக்கே எடுத்தாகணும்" என்றார்.

அப்பா பின்வாங்கினார். "இல்லம்மா. இது எம் மகளுக்குன்னு வச்சிருக்கேன்."

"சரி. நான் பிடுங்குறேன், ஒங்க மக பக்கத்துல நின்னு ட்ரே பிடிக்கட்டும். பாதி அவ பிடுங்குன கணக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதோ நூறு ஆபரேஷன் பார்த்தவள் மாதிரித் தலையை ஆட்டினேன்.

கல்லூரி ஆஸ்பத்திரியின் சாய்வு நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து ஊசி போட்டார்கள். மரத்துப்போகக் காத்திருந்தார்கள். நான் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நின்றேன். டாக்டரம்மா பல் பிடுங்கும் இடுக்கியை உள்ளே விட்டு ஓர் அசை அசைத்தார். அப்பாவின் வாய்க்குள்ளிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்தது அதுவரைதான்.

மற்றவர்கள் சொன்னது இது: முதலில் ட்ரே விழுந்தது, அதன்மேல் நான் விழுந்தேன், என்மேல் பச்சைத் திரை கம்பியோடு விழுந்தது. அந்த நொடியில்தான் பல் வெளியே வந்திருக்கிறது. அப்பா தரையில் கிடந்த என்னைப் பார்த்துக் கத்தப் போனார். நாக்கு மரத்துப்போய் வார்த்தை வரவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு, விசிலை இடது ஓரத்தில் கவ்வி, இரண்டு மாதமாக அடிக்க முடியாத விசிலையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் அடித்தார். வகுப்பிலிருந்து மாணவர்கள் ஓடி வந்தார்கள். நேர்முகத்துக்குக் காத்திருந்தவர்கள் ஃபைலோடு ஓடி வந்தார்கள். வாசலில் நின்ற கல்லூரி பஸ்ஸின் டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். (அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பழக்கம்.)

கண் விழித்தபோது நான் அந்த நாற்காலியில் படுத்திருந்தேன். வாயில் பஞ்சோடு அப்பா பக்கத்தில் நின்று துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பஞ்சில் சுற்றிய பல்லை என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, ஒனக்குன்னு வச்சிருந்தது."

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். சீட் போனதற்காக அல்ல. அத்தனை நாள் வலியைப் பொறுத்துக்கொண்டு அவர் வைத்திருந்த ஒரே ஆசையை, பல் வெளியே வருவதற்குள் கீழே போட்டுவிட்டேனே என்றுதான். கோச்சடை நெருங்கும்போது அப்பா பஞ்சைத் துப்பிவிட்டு மெல்லப் பேசினார்.

"தாயி, ஒரு உண்மையச் சொல்றேன். எனக்கு ஊசின்னா சின்னதுலேருந்து பயம். எவங்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். ஒங்கிட்ட மட்டுந்தான் பயமில்லாமத் தொறந்தேன். அதான் நீயே படிச்சிட்டா நல்லதுன்னு நெனச்சேன். என் பயத்துக்கு ஒன்னப் படிக்க விடாமப் பண்ணிட்டேன்."

நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். அவ்வளவு பயந்தவர், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்ற தைரியத்தில்தானே அன்று நாற்காலியில் ஏறியிருக்கிறார். அவர்மேல் எனக்கிருந்த பிரியம் எவ்வளவு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாசலில் நின்ற அம்மா, வெளுத்துப்போய் இறங்கிய என்னையும் தெம்பாக வந்த அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்குப் பல்லப் பிடுங்குனாங்க?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் யார் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலும் இன்றைக்கும் இதுதான் முதல் கேள்வி.

சீட் கிடைக்கவில்லை. நான் கணக்கு டீச்சர் ஆனேன். (எண்ணுவதில்தான் நான் கெட்டிக்காரி என்று டியூஷன் சார் முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.)

போன மாதம் அப்பாவுக்கு இன்னொரு பல் ஆடியது. தல்லாகுளத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கதவுக்கு வெளியேதான் நிற்பேன் என்று முன்கூட்டியே ஒப்பந்தம். பேர் எழுதும் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் யாரு, நீங்களா மேடம்?" என்றாள்.

"பல்லு எனக்குத்தாம்மா" என்றார் அப்பா. "ஆனா மொதல்ல அவளுக்கு ஒரு சேர் போடு."

உள்ளே போகத் திரும்பியவர், சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய விசிலை எடுத்து என் கையில் வைத்தார்.

"தலை சுத்துச்சுன்னா ஊது தாயி. நான் வாரேன்."