எல்க் வேட்டைக்குச் சின்னத் துப்பாக்கி ஆகவே ஆகாது

ஆல்டர் பெண்ட், வயோமிங்
ஞாயிற்றுக்கிழமை

பள்ளத்தாக்கின் ஒரே வாரப் பத்திரிகைக்கு ஆசிரியரும், என் மனைவியின் தங்கையைக் கட்டிய வகையில் எனக்குச் சகலையுமான டெல்வின் அவர்களுக்கு, ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வெர்ல் ஹோக்கன்சன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் வோண்டாவும் நாயும் சுகம். அங்கே நீரும் ஆர்லீனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உம்முடைய கடைவாய்ப் பல் இன்னும் படுத்துகிறதாமே? செவ்வாய்க்கிழமை என் மாப்பிள்ளை கோல்பியிடம் பிடுங்கிக்கொள்ளப் போவதாக ஆர்லீன் சொன்னாள். தைரியமாகப் போம். துப்பாக்கி விஷயத்தில்தான் அவருக்கு விவரம் போதாது, பல் விஷயத்தில் கெட்டிக்காரர். கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். இடது கையால் எழுதுகிறேன். வலது தோள் நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் ஓய்வெடுக்கிறது, அவ்வளவே.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் வேட்டை ஆணையத்தின் கருத்துக் கேட்புக் கூட்டம் நடப்பது உமக்குத் தெரியும். எல்க் மானைச் சுடும் துப்பாக்கியின் குழல் துளை இன்ன அளவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்று இத்தனை காலமாக ஒரு சட்டம் இருக்கிறது. அதைத் தளர்த்தி, தரை அணிலும் குள்ளநரியும் சுடுகிற ஒல்லித் துப்பாக்கியைக் கொண்டு குதிரை அளவு எல்க்கையும் சுடலாம் என்று மாற்றப் பார்க்கிறார்கள். அதை எதிர்த்துப் பேச முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருப்பவன் நான். ஆகவே இந்தக் கடிதத்தை வியாழனுக்கு முன்பு, முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, ஒரு வார்த்தை குறைக்காமல் நீர் வெளியிட வேண்டும்.

என்னுடைய துப்பாக்கியை உமக்குத் தெரியும். அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்ததன் நியாயத்தை உலகத்திலேயே உம் ஒருவருக்குத்தான் விளக்க வேண்டியதில்லை, ஏனென்றால் நமக்கு வாய்த்தது ஒரே மாமியார். எதிரே இருப்பவனுக்கு விழுகிற அடியில் பாதி, பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கும் விழும். அப்படிப்பட்ட துப்பாக்கியைத் தோளில் வைத்தே நான் கிழவனானேன். இந்த வருஷம் பாரும், பாதி ஆயுசு குலுக்கலில் பெயர் போட்டுப் போட்டு, கடைசியில் மேல்மலையில் ஆண் எல்க் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு எனக்கு விழுந்திருக்கிறது. அடுத்த முறை விழுவதற்குள் என்னைப் பெட்டியில் வைத்துத்தான் மேலே தூக்கிப் போக வேண்டும். சீட்டு வந்த அதே வாரம் டாக்டர் அம்மாள் தோளைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி மாமியாரைத் தொட்டால் அந்தக் கை சட்டைக்குள் நுழைப்பதற்கு மட்டும்தான் உதவும் என்று சொல்லிவிட்டாள். நடுத்தரமாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அதுவும் கூடாதாம். உங்கள் மாப்பிள்ளை வைத்திருக்கிறாரே, இடிக்காத ஒல்லித் துப்பாக்கி, அது மாதிரி என்றால் பரவாயில்லை என்றாள். அதாவது, சட்டம் மாறினால் நான் மலைக்குப் போகலாம், மாறாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து நாயைத் தடவிக் கொடுக்கலாம். அப்படியிருந்தும் நான் சட்டம் மாறக் கூடாது என்கிறேன். கொள்கை வேறு, தோள் வேறு.

கோல்பியின் கட்சி என்னவென்றால், தோட்டாவின் பருமன் முக்கியமில்லை, போய்ச் சேருகிற இடம்தான் முக்கியம் என்பது. போன ஞாயிறு சாப்பாட்டில் உருளைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டே, "பல்லு புடுங்கக் கடப்பாரை எதுக்கு மாமா? எடம் தெரிஞ்சாப் போதும்" என்றார். பல்லுக்குக் கொம்பு கிடையாது, பல் எழுந்து மலையேறி ஓடாது என்று நான் சொன்னேன். என் பெண் ஷேலீ யார் பக்கமும் பேசாமல் குழம்புக் கிண்ணத்தை மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து எடுத்துவிட்டாள். பேச்சு முற்றி, சோதனை வைத்தே பார்த்துவிடுவோம் என்று முடிந்தது. துப்பாக்கிக் கம்பெனிக்காரர்கள் ஜெலட்டினைக் கட்டியாக உறைய வைத்து அதில் சுட்டுப் பார்ப்பார்கள், மாமிசமும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கோல்பி சொன்னார். ஜெலட்டினுக்கு நம் பள்ளத்தாக்கில் பஞ்சமா? ஜெல்லி இல்லாமல் பந்தி போடாத நம் தேவாலயச் சபையின் சாவு வீட்டுச் சாப்பாட்டுக் குழுவுக்கு வோண்டாதானே தலைவி. அவள் சேமிப்பு அறையில் இருக்கிற ஜெல்லிப் பொடியை வைத்து இந்த மாநிலத்தில் பாதிப் பேரை வழியனுப்பலாம். நிறமில்லாதது தீர்ந்து போயிருந்ததால் எலுமிச்சைப் பச்சையை எடுத்துக்கொண்டோம். அவளிடம் கேட்கவில்லை. மான் இறைச்சி கொண்டுவருகிற பெரிய பனிப்பெட்டியைச் சுத்தமாகக் கழுவி, அதில் ஊற்றி உறைய வைத்தோம். ஒரு கன்றுக்குட்டி பருமனுக்குப் பச்சைப் பசேல் என்று வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சரளைக் குழிக்குப் போனோம். சீசனுக்கு முன்னால் எல்லோரும் காகிதத் தட்டை ஒட்டிக் குறி பார்க்கிற அதே இடம்தான். எல்க்கின் நெஞ்சு எந்த உயரத்தில் வரும் என்று காட்டுவதற்காக, வேட்டைக் காவலர் பாய்ட் தன்னுடைய பொம்மை எல்க்கைக் கொண்டுவந்து மண்மேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். திருட்டு வேட்டைக்காரர்களைப் பிடிக்கச் சாலையோரம் நிறுத்துவாரே, மோட்டார் வைத்துத் தலையையும் வாலையும் ஆட்டுமே, அது. அதன் பக்கத்தில் பெஞ்சுமேல் ஜெல்லி. முதலில் கோல்பி சுட்டார். தும்மல் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தோட்டா ஜெல்லியின் நடுவரை போய் நின்றுவிட்டது. பார்த்தீர்களா, வெளியே வரவில்லை, பலமில்லை என்றேன் நான். பார்த்தீர்களா, வெளியே வரவில்லை, பலமெல்லாம் உள்ளேயே இறங்கிவிட்டது என்றார் அவர். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டதால் மேற்கொண்டு பேச வழியில்லாமல் போனது.

பிறகு நான் மாமியாரை எடுத்தேன். வோண்டா அங்கே இல்லை, டாக்டர் அம்மாளும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். விசையை அழுத்தினேன். கண்ணைத் திறந்தபோது வானம் தெரிந்தது. ஜெல்லி அசையாமல் இருந்தது. பொம்மை எல்க்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாலை மட்டும் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கோல்பி ஓடிவந்து என்னைத் தூக்கி உட்கார வைத்து, "மாமா, நீங்க விசைய அமுக்கறதுக்கு முன்னாடியே கண்ண மூடிட்டீங்க" என்று மெதுவாகச் சொன்னார். மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார் என்பதையும் நான் குறிப்பிட்டாக வேண்டும். பாய்ட் பொம்மையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வெர்ல் அண்ணே, ஆண் எல்க்தான். சட்டப்படி சீட்ட இப்பவே கிழிச்சுக் கொம்புல கட்டிருங்க" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. பாதி ஆயுசு காத்திருந்து வாங்கின, ஒரே ஒரு எல்க்குக்குத்தான் செல்லுகிற சீட்டு ஒரு மோட்டார் பொம்மைக்குப் போய்விட்டதே என்று பாய்டின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு ரத்தம் கிடையாது, குடல் கிடையாது, உள்ளே இருப்பது பேட்டரி என்று, தோளைக் காட்ட ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் வாதாடினேன். ஒரே குண்டில் விழுந்தது என்பது பெரிய துப்பாக்கிக்குச் சாதகமான சாட்சி என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இதில் ஜெல்லியை எல்லோரும் மறந்துவிட்டோம். வெயிலில் சாட்சி உருகிவிடக் கூடாது என்று பாய்ட் மட்டும் பொறுப்பாக அதை என் கராஜ் ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். தோட்டா உள்ளேயே இருக்கிறது. மறுநாள் ரூலான் நெபெக்கருக்கு அடக்கம். வோண்டா என்னுடன் ஆஸ்பத்திரியில் இருந்ததால், தான் வீட்டுக்குள் செய்து வைத்திருந்த சின்ன ஜெல்லித் தட்டை நினைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜில் பச்சை ஜெல்லி இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று குழுப் பெண்களுக்குப் போன் செய்துவிட்டாள். அவர்கள் போய்க் கராஜில் இருந்ததைத் திறந்து பார்த்து, ரூலான் மேல் வோண்டாவுக்கு இவ்வளவு பாசமா என்று கண் கலங்கினார்களாம். நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போய், துருவிய கேரட் தூவி, நடுவிலிருந்த ஓட்டையைக் கிரீம் வைத்து அடைத்துப் பரிமாறிவிட்டார்கள்.

அடுத்ததை நீரே நேரில் பார்த்தீர், ஆனால் காரணம் உமக்குத் தெரியாது. ரூலானின் தம்பி லாமர், இந்தப் பள்ளத்தாக்கிலேயே பெரிய ஆகிருதி, தவிரவும் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப்போகிற ஆணையத் தலைவர், இரண்டாவது கரண்டியில் கடக்கென்று எதையோ கடித்தார். கண் செருகியது. அப்படியே நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அண்ணன் போன துக்கத்தில் தம்பியும் போய்விட்டார் என்று பின் வரிசையில் அழுகை கிளம்பிவிட்டது; வெறும் மயக்கம்தான். கோல்பி போய் வாயைத் திறந்து, உடைந்த பல்லையும் கூடவே ஒரு செம்புத் துணுக்கையும் எடுத்துக் கைக்குட்டையில் வைத்தார். பார்த்த உடனே அவருக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. கட்டுப் போட்ட கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த எனக்கும் தெரிந்துவிட்டது. கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் அவர். என் பக்கம் குனிந்து பேசியது வோண்டாதான்.

"சின்னத் தோட்டா பெரிய உருப்படியச் சாய்க்காதுன்னு சொன்னீங்களே. இப்பப் பாத்தீங்களா?"

வாசகர்கள் ஒரு கரண்டி ஜெல்லியை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. லாமர் ஓடிக்கொண்டிருக்கவில்லை. தூரம் ஒரு கரண்டிதான். காற்றும் அடிக்கவில்லை. மேல்மலையில் இந்த வசதியெல்லாம் கிடையாது. ஆகவே சட்டம் இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும், ஒரு நூல்கூட இளகக் கூடாது என்று பள்ளத்தாக்கின் எல்லா வேட்டைக்காரர்கள் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன்.

உமக்கும் ஆர்லீனுக்கும் குழந்தைகளுக்கும் எல்லா நலனும் வரட்டும். உம் சீட்டுகள் குலுக்கலில் விழட்டும், உம் துப்பாக்கிகள் நேராகச் சுடட்டும், உம் ஃபிரிட்ஜ் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உம் சகலை
வெர்ல் ஹோக்கன்சன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அச்சில் போட வேண்டாம். உறை ஒட்டுவதற்குள் கோல்பி வந்தார். தன் ஒல்லித் துப்பாக்கியைச் சமையலறைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு, "எனக்கு இது கொஞ்சம் கனமா இருக்கு மாமா. நீங்க வச்சுக்கங்க" என்றார். அதைத் தூக்கினால் இறகு. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. பாய்டும் சீட்டு விஷயத்தில் விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சரளைக் குழிக்குப் போய் இடது தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். கண் திறந்தபடியே இருந்தது டெல்வின். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, என் தோட்டா தட்டில் விழுவதை நானே பார்த்தேன். எனக்கு மலைக்குப் போக வேண்டும். உம் பத்திரிகையில் போடுகிற வியாழக்கிழமை பேச்சாளர் பட்டியலில் என் பெயரை எதிர்ப்பவர்கள் பக்கத்திலிருந்து ஆதரிப்பவர்கள் பக்கத்துக்கு மாற்றிவிடும். லாமரின் பல்லைப் படம் எடுத்து முதல் பக்கத்தில் போடும், கட்டம் கட்டி.

இன்னொன்று: செவ்வாய்க்கிழமை நீர் பல் பிடுங்கப் போக வேண்டாம். வலிக்குக் கிராம்பு வைத்துக்கொள்ளும். துப்பாக்கி கொடுத்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று மாப்பிள்ளைக்கு மாமியாரைக் கொடுத்தேன். ஆசையாக வாங்கி ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்த்தார். அவரும் இப்போது இடது கையால்தான் எழுதுகிறார்.